மாமாவை மோட்டலில் தங்க வைக்கலாமா?

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் வசிக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஆறு பேர் டிஸ்னிலாண்டுக்குப் போகிறார்கள். வாசகி, அவர் கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், தென்காசிப் பக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் மாமனார், மாமியார். மாமனாருக்கு 71 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாமியாருக்கு 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சொந்த வண்டியில் பயணம். மூன்று இரவு தங்கல், மூன்று நாளும் பூங்கா. தங்குவதற்கு இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, பூங்கா வாசலுக்கு எதிரே ஹார்பர் புளவர்டு என்ற சாலையில் இருக்கும் பழைய மோட்டல். இரண்டு அறைக்கும் சேர்த்து இரவுக்கு 420 டாலர், வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. இன்னொன்று, ஐந்து மைல் தள்ளி ஒரு பெரிய ஓட்டல். சமையலறையோடு சேர்ந்த பெரிய சூட், இரவுக்கு 310 டாலர், வண்டி நிறுத்த 22 டாலர். நீச்சல்குளம் உண்டு, காலை உணவு உண்டு, ‘பூங்காவுக்கு ஷட்டில் (போய்வரும் பேருந்து) உண்டு’ என்ற வரியும் உண்டு.

வாசகிக்கு மோட்டல்தான் தோதுப்படும் என்று தோன்றுகிறது. கணவர் ஒப்பவில்லை. “எங்கப்பாவ மொதமொதலா அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்து மோட்டல்லயா தங்க வைக்கது?” என்கிறார். மூன்று நாள் இதே பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சலித்துப்போய், தூரத்து ஓட்டலையே ‘பணம் திரும்பக் கிடைக்காது’ என்ற சலுகை விலையில் வாசகி பதிவு செய்துவிட்டார். மறுநாள் காலை எனக்கு எழுதிய கடிதம் இப்படி முடிகிறது: “அவசரப்பட்டுவிட்டேனா? இனி மாற்றவே முடியாதா? அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, அல்லது நான் நினைப்பதிலா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த சனிக்கிழமை காலையே ஒரு விஷயத்தை மட்டும் தனியாக எழுதி அனுப்பினேன். அதற்குக் கெடு இருந்தது. மற்ற வாசகர்களுக்கும் அது பயன்படும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘பணம் திரும்பக் கிடைக்காது’ என்று திரையில் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். கலிபோர்னியாவில் அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் இங்கே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. இந்த மாநிலத்தில் உள்ள ஓட்டலையோ குறுகிய கால வாடகை வீட்டையோ, போய் இறங்கும் நேரத்துக்கு 72 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகப் பதிவு செய்தால், உறுதிச் செய்தி வந்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். ஓட்டலிடம் நேரடியாகப் பதிவு செய்தாலும் சரி, இடைத்தரகு இணையதளம் வழியாகச் செய்தாலும் சரி. கட்டிய பணத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ‘சலுகை விலை’ என்ற பெயர் இந்த உரிமையைப் பறிக்காது. அன்று மாலையே ரத்து செய்துவிட்டதாகவும், ஓட்டல்காரர்கள் மறுபேச்சுப் பேசவில்லை என்றும் நீங்கள் பதில் எழுதினீர்கள். மனம் நிம்மதியானது. 24 மணி நேரம் கடந்திருந்தால் கெஞ்சிக் கேட்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

ஆக, இப்போது பலகை வெறுமையாக இருக்கிறது. இரண்டு இடத்தையும் முதலிலிருந்து பார்க்கலாம்.

நீங்கள் இருவரும் இதுவரை இரவைப் பற்றியே வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். அறை எவ்வளவு பெரியது, மெத்தை எப்படி, கட்டடம் பார்க்க எப்படி, இரவுக்கு எவ்வளவு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடுப்பகலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இப்படி ஒரு குடும்பம் எங்கே தங்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது பகல் ஒரு மணி. அந்த நேரத்தில் மகன் தூக்கத்துக்குச் சிணுங்குவான். அத்தைக்கு முழங்கால் வீங்கியிருக்கும். மாமா நேரத்துக்குச் சாப்பிட்டு ஊசி போட்டாக வேண்டும். மகள் மட்டும் அடுத்த வரிசைக்கு இழுத்துக்கொண்டிருப்பாள். ஆறு பேரும் ஒன்றாகத்தான் நகர முடியும் என்ற நிலையில் அப்போது இருப்பீர்களா, அல்லது மூன்று பேர் அறைக்குப் போக, மூன்று பேர் பூங்காவில் இருக்க முடியுமா? என் பதில் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

மைலை விட்டு நிமிடத்தை எண்ணுங்கள்

ஐந்து மைல் என்றால் உங்கள் கணவருக்குப் பத்து நிமிட வண்டிப் பயணம். சாலையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாலை முடிகிற இடத்தில் பூங்கா தொடங்குவதில்லை. டிஸ்னிலாண்டின் பெரிய வாகன நிறுத்தக் கட்டடங்கள் மேற்குப் பக்கம் இருக்கின்றன. அங்கே வரிசையில் நுழைந்து, வண்டியை விட்டு, மின்படியில் இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, டிராமுக்குக் காத்திருந்து, இறங்கி மறுபடி நடக்க வேண்டும். விடுமுறைக் கூட்டத்தில் அறைக் கதவிலிருந்து நுழைவுச்சீட்டைக் காட்டும் இடம் வரை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். திரும்பும்போதும் அதேதான். வாணவேடிக்கை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறினால் இன்னும் கூடும். பகலில் ஓய்வுக்காக ஒருமுறை போய்வந்தால் இரண்டு மணி நேரம் வழியிலேயே கரையும். அதனால் யாரும் போகமாட்டார்கள். பெரியவர்கள் “பரவாயில்ல, நாங்க இங்கயே ஒக்காந்திருக்கோம்” என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஹார்பர் புளவர்டில் உள்ள மோட்டலிலிருந்து சிக்னலில் சாலையைக் கடந்தால் கிழக்குப் பக்க நடைவழி. சோதனை அங்கேயே. அதைத் தாண்டினால் டிஸ்னிலாண்டுக்கும், டிஸ்னியின் இன்னொரு பூங்காவான கலிபோர்னியா அட்வென்ச்சருக்கும் நடுவில் இருக்கும் முற்றம். இரண்டு பூங்காவின் வாசலும் எதிரெதிரே. சாதாரண நடையில் பத்து நிமிடம், அத்தையின் நடையில் இருபது. அந்தச் சாலையின் சில மோட்டல்கள் டிஸ்னியின் சொந்த டிஸ்னிலாண்ட் ஹோட்டலை விடவும் வாசலுக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாண்ட் திறந்தபோது, வால்ட் டிஸ்னி வாங்கியிருந்தது ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கர் மட்டும். சாலைக்கு எதிர்ப்பக்கம் அவர் கையில் இல்லை. கூட்டம் வரத் தொடங்கியதும் அந்தப் பக்கம் முழுவதும் மோட்டல்கள் முளைத்தன. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் 1960களில் ஃபுளோரிடாவில் சத்தமில்லாமல் ஏறக்குறைய 27,000 ஏக்கரை வாங்கிப்போட்டார்கள். 1971இல் அங்கே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தபோது, வெளியார் விடுதி எதுவும் வாசலுக்கு அருகே வர முடியவில்லை. ஃபுளோரிடா போய்வந்த நண்பர்கள் “கிட்டத்துல தங்கினாலும் வண்டி எடுக்கத்தான் வேணும்” என்று உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. டிஸ்னிலாண்ட் இருக்கும் அனஹைமுக்குப் பொருந்தாது.

‘மோட்டல்’ என்ற சொல்லைப் பற்றி

உங்கள் கணவரின் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தவருக்கு, அவர்களை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு இருப்பது இயல்பு. ஆனால் அந்தச் சொல் அவர் காதில் எங்கிருந்து வந்து விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் மோட்டல் என்றால், சென்னை போகும் பேருந்து நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் சாப்பாட்டுக் கடை. ஆறிய தோசைக்கு அநியாய விலை, மூக்கைப் பொத்திக்கொண்டு நுழையும் கழிப்பறை. தென்காசியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போய்வந்த யாருக்கும் அந்தச் சொல்லில் மரியாதை தட்டுப்படாது.

இங்கே அது வண்டியில் வருகிறவர்களுக்கான தங்குமிடம், அவ்வளவுதான். மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டவைத்து 1925இல் இதே கலிபோர்னியாவில், சான் லூயிஸ் ஒபிஸ்போவில், ஒரு கட்டடக் கலைஞர் உண்டாக்கிய பெயர். அறைக் கதவைத் திறந்தால் வெளிவராந்தா, வராந்தாவை ஒட்டி வண்டி. இந்த நாட்டு மோட்டல்களில் பெரும்பகுதியை நடத்துகிறவர்கள் இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் குஜராத்திலிருந்து வந்த குடும்பங்கள். முன்மேசையில் ஒரு படேல் அம்மா நின்றால் அத்தைக்கு இந்தியில் நாலு வார்த்தை பேசவும் வாய்க்கும்.

திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போனால் மாமா எங்கே தங்குவார் என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். கோயிலுக்குப் பக்கத்தில் சாதாரண விடுதியிலா, தூத்துக்குடியில் நல்ல ஓட்டலிலா? சஷ்டிக் கூட்டத்தில், முழங்கால் வலிக்கிற மனைவியோடு? அந்தப் பதிலை மாமாவே சொல்லிவிடுவார் என்பது என் எண்ணம். நான்கு பக்கக் கடிதத்தில் மாமாவும் அத்தையும் எதை விரும்புகிறார்கள் என்று எங்கும் இல்லை. கேட்கவே இல்லை என்று புரிந்துகொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் பேசுவது ஹார்பர் புளவர்டில் பூங்காவுக்கு எதிரே உள்ள பகுதியைப் பற்றி மட்டும். இரவு வெகுநேரம் வரை வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள இடம் அது. ‘டிஸ்னிலாண்டுக்கு அருகில்’ என்று போட்டு இதைவிட மலிவாக விற்கும் மோட்டல்களில் சில, அனஹைமின் மேற்கோரம் பீச் புளவர்டில் இருக்கின்றன. அங்கே பழைய மோட்டல்கள் சிலவற்றால் வந்த தொல்லைகளுக்காக நகராட்சியே அவற்றை விலைக்கு வாங்கி இடித்திருக்கிறது. தெருப் பெயரைப் பார்க்காமல் ‘அனஹைம்’ என்பதை மட்டும் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள்.

உங்கள் கணவரின் கணக்கு

மூன்று இரவுக்கு 330 டாலர் மிச்சம் என்கிறார். காகிதத்தில் சரி. தூரத்து ஓட்டலில் வண்டி நிறுத்த மூன்று இரவுக்கு 66 டாலர். பூங்காவில் வண்டி நிறுத்த நாளுக்கு 35 டாலருக்குக் குறையாது. மூன்று நாளுக்கு 105. இரண்டும் சேர்ந்து 171. மீதி 159 டாலர். அனஹைமில் அறை வாடகைக்கு நகர வரி 15 சதவீதம், சுற்றுலா மேம்பாட்டுக்கு இன்னொரு 2 சதவீதம். தூரத்து ஓட்டலுக்கும் ஏறக்குறைய அதே வரி என்று வைத்துக்கொண்டால், வரியோடு சேர்த்து வித்தியாசம் 215 டாலர் அளவில் நிற்கும். இரவுக்கு எழுபதுக்குச் சற்று மேல். அங்கே காலை உணவும் உண்டு என்பதால், தூரத்து ஓட்டல் மலிவு என்பதில் அவர் சொல்வது உண்மைதான். அவர் நினைக்கும் அளவுக்கு மலிவு இல்லை.

விலை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயமாக வசூலிக்கும் ‘ரிசார்ட் கட்டணம்’ போன்றவற்றை ஒளித்துவைத்து, கடைசிப் பக்கத்தில் காட்டும் வழக்கத்துக்குக் கலிபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்தும், நாடு முழுவதும் 2025 மே 12லிருந்தும் தடை இருக்கிறது. முதலில் காட்டும் விலையிலேயே அவை சேர்ந்திருக்க வேண்டும். அரசு வரி இதில் வராது. விருப்பமிருந்தால் மட்டும் கட்டும் கட்டணங்களும் வராது. வண்டி நிறுத்தக் கட்டணம் பெரும்பாலும் அந்த ‘விருப்ப’ வகையில் போய்விடுகிறது. வண்டியில் வருகிறவருக்கு அதில் விருப்பம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. அதனால் அதை மட்டும் நீங்களே தேடிப் பாருங்கள்.

‘ஷட்டில் உண்டு’ என்ற வரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை இதே போலக் கூட்டிப்போய், தூரத்தில் ஓர் ஓட்டலில் தங்கினோம். அங்கேயும் ஷட்டில் இருந்தது. இரவு பத்தரை மணிக்கு வந்த முதல் வண்டி நிறைந்து போனது, இரண்டாவதும் நிறைந்து போனது. டிசம்பர் குளிரில் அம்மா நடைபாதை விளிம்பில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாள் மட்டும், “நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்” என்றார். அந்தப் பயணத்தில் அம்மா பூங்காவுக்குள் இருந்தது அந்த ஒரே நாள்தான். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

பல ஓட்டல்களில் ஷட்டில் அவர்களுடையதாகவே இருப்பதில்லை. பல விடுதிகளுக்குப் பொதுவான பேருந்தாக இருக்கலாம், தலைக்குக் கட்டணம் கேட்கலாம், நேரமும் ஏற்பாடும் அவ்வப்போது மாறும். யார் ஓட்டுகிறார்கள், கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஆளுக்கு எவ்வளவு, சக்கர நாற்காலி ஏறுமா என்று கேளுங்கள். ஓட்டலே ஷட்டில் நடத்தினால், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் அதற்கு ஈடான சேவை தர வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சிச் சட்டம்.

“மாமா அசந்துட்டா ஒரு ஊபர் புடிச்சு ரூமுக்கு அனுப்பிடலாம்” என்றும் கணவர் சொல்கிறார் அல்லவா? மாமாவையும் அத்தையையும் மட்டும் என்றால் அனுப்பலாம். மகனும் கூட வந்தால் முடியாது. கலிபோர்னியாவில் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தை பின்னிருக்கையில், அதற்குரிய குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும். வாடகை வண்டிக்காரர் அந்த இருக்கையைக் கொண்டுவருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஏற்ற மறுத்தால் தவறு அவருடையதும் இல்லை. பூங்கா முழுக்கக் குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா?

வேறு சில நம்பிக்கைகள்

அத்தையின் முழங்காலைக் காட்டி வரிசையில் நிற்காமல் போகும் சிறப்பு அனுமதி வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பு பலர் அப்படிப் பெற்றார்கள். 2024 ஜூனிலிருந்து டிஸ்னிலாண்ட் அந்த ஏற்பாட்டை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துச் சுருக்கிவிட்டது. நடக்கச் சிரமம் என்பது மட்டும் போதாது. அத்தைக்குச் சக்கர நாற்காலிதான் வழி. வாசல் முற்றத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அது பூங்காவுக்குள் பயன்படுத்தத்தான். அறையிலிருந்து வாசல் வரைக்கும் திரும்பி வருவதற்கும் உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு வெளியே வாடகைக்கு எடுத்துவிடுங்கள். மோட்டலில் தங்கினாலும் இது தேவை. ஒரு நாளில் எட்டுப் பத்து கிலோமீட்டர் நடப்பது அந்தப் பூங்காவில் சாதாரணம். “நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன நினைப்பாங்க” என்று அத்தை கூசினால், அங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள். முப்பது வயதுக்காரர்களும் உட்கார்ந்து போவார்கள்.

எதிரே தங்கினால் மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே விடுவார்கள் என்பதும் சரியல்ல. அந்த மாதிரிச் சலுகைகள் டிஸ்னியின் சொந்த மூன்று ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்குத்தான்.

சாப்பாட்டுக்காக மட்டும் சமையலறை தேடுகிறீர்கள் என்றால், அவசியமில்லை. நமக்கு வேண்டிய உணவைப் பூங்காவுக்குள் எடுத்துப்போகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, உள்ளே சூடாக்க வேண்டியதாக இருக்கக் கூடாது. தயிர்சாதமும் புளியோதரையும் பிளாஸ்டிக் டப்பாவில் தாராளமாகப் போகும். ஆர்டீஷியாவின் பயனியர் புளவர்டு வண்டியில் அரை மணிக்குள். அந்தத் தெரு முழுக்க இந்தியக் கடைகள், இட்லி தோசையும் கிடைக்கும். மோட்டல் அறையில் குக்கர், மின் அடுப்பு வைத்துச் சமைக்க மட்டும் முயலாதீர்கள். பல இடங்களில் அதற்குத் தடை உண்டு. புகை எச்சரிக்கை மணி அடித்தால் அபராதமும் கேட்பார்கள்.

ஆறு பேரில் நான்கு பேர் பெயரை மட்டும் கொடுத்து ஓர் அறையில் சமாளிக்கலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அறைக்கு இத்தனை பேர் என்பது தீ விபத்துப் பாதுகாப்போடும் சேர்ந்தது. கண்டுபிடித்தால் கூடுதல் கட்டணம் கேட்கலாம், காலி செய்யவும் சொல்லலாம். இரவு பதினொரு மணிக்குப் பெரியவர்களோடு அந்த நிலைமைக்கு ஆளாகாதீர்கள்.

என் முடிவும் மோட்டலிடம் கேட்க வேண்டியதும்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஹார்பர் புளவர்டைத்தான் எடுப்பேன். ஒரே ஒரு நாள் பூங்கா என்றாலோ, மாமாவும் அத்தையும் பூங்காவுக்கே வரவில்லை, அறையிலும் நீச்சல்குளத்திலும் பொழுதைக் கழிக்கப்போகிறார்கள் என்றாலோ, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வேறு இடங்களுக்கும் தினமும் போகிறீர்கள் என்றாலோ, உங்கள் கணவர் சொல்வதே சரி. பெரிய சூட்டும் சமையலறையும் அப்போது பயன்படும். மூன்று நாளும் ஆறு பேரும் பூங்கா என்றால் அப்படி இல்லை. இரவுக்கு எழுபது டாலர் அதிகம் கொடுத்து நீங்கள் வாங்குவது அத்தையின் பகல் தூக்கத்தையும், மாமா ஒழுங்காகச் சாப்பிடும் வேளையையும், மகளின் மாலை நேரத்தையும். ஊசி, உணவு நேரங்களை மட்டும் மாமாவின் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் வழக்கறிஞர், அதில் என் சொல் செல்லாது.

ஆனால் எதிரே இருக்கிறது என்பதற்காக எந்த அறையையும் எடுத்துவிடக் கூடாது. பழைய மோட்டல்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. மாடி அறை கிடைத்தால் இதுவரை நான் சொன்ன அத்தனையும் வீண். இணையதளத்தில் ‘தரைத்தள அறை வேண்டும்’ என்று குறிப்பு எழுதுவது வேண்டுகோள் மட்டுமே. அதற்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள் அல்லர். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்று கேட்டுப் பதிவு செய்தால் நிலைமை வேறு. அந்த அறையில் என்னென்ன வசதி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், உங்களுக்காக அதை ஒதுக்கி வைக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. முழங்கால் இந்த நிலையில் இருக்கும் அத்தைக்காக அதைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

குளியலறையைத் தனியாகக் கேளுங்கள். இங்கே பெரும்பாலான அறைகளில் குளிப்பதற்கு ஒரு தொட்டி இருக்கும். அதன் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து உள்ளே இறங்க வேண்டும். ஊரில் வாளியும் குவளையுமாகக் குளித்துப் பழகிய பெரியவர்கள் ஈரக்காலோடு வழுக்கி விழுவது அங்கேதான். தொட்டி இல்லாத, தரையோடு தரையாக உள்ள ஷவர் இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, உட்கார்ந்து குளிக்க இருக்கை தருவார்களா? இன்சுலினுக்குக் குளிர்பெட்டி அறையிலேயே இருக்கிறதா? இரண்டு அறையும் அடுத்தடுத்து, முடிந்தால் நடுவில் கதவோடு, உறுதியாகக் கிடைக்குமா? வெளிவராந்தாக் கதவில் உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? போனில் பேசியதை அப்படியே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கி வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தப் பதில்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தை கழுத்திலும் கையிலும் எப்போதும் தங்கம் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அறையில் வைத்த பணமோ நகையோ காணாமல்போனால் விடுதிக்காரரின் பொறுப்பைக் கலிபோர்னியச் சட்டம் மிகவும் சுருக்கி வைத்திருக்கிறது. பாதுகாப்புப் பெட்டகம் இருக்கிறது என்று அறிவிப்பு வைத்திருந்தால், அதில் ஒப்படைக்காத நகைக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஒப்படைத்தாலும் எழுத்து ரசீது இல்லாவிட்டால் 500 டாலர்தான் எல்லை. மோட்டலுக்கும் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கும் இதில் வேறுபாடு இல்லை. தாலிச் சங்கிலி தவிர மற்றதை வீட்டிலேயே பத்திரப்படுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு பெரியவர்கள் கையிலும் அறை எண்ணும் மோட்டல் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். முதல் நாள் மாலை, கூட்டம் குறைந்த நேரத்தில், அறையிலிருந்து வாசல் வரை மாமாவை ஒருமுறை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்து வாருங்கள். எந்த சிக்னலில் கடக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டால், மறுநாள் பகலில் பேரனை அத்தை மடியில் உட்காரவைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரே வந்துவிடுவார்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் இரண்டு இடத்தின் படங்களையும் மாமா, அத்தை முன்னால் வையுங்கள். பகலில் வந்து படுத்து எழுந்து போகிற மாதிரி இடம் இது, தூரத்தில் பெரிய இடம் அது என்று உங்கள் கணவரே சொல்லட்டும். ‘மோட்டல்’ என்ற சொல்லை முதலில் சொல்ல வேண்டாம். அவர்கள் பதிலைக் கேட்ட பிறகு பதிவு செய்யுங்கள். பதிவு செய்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மனம் மாறினால் 24 மணி நேரம் கையில் இருக்கிறது.